இடைவேளை விடாத தியேட்டர்

வெஸ்ட் வின்ட்சர்
ஏப்ரல் 6, 2025

மதி,

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெண்பாவுக்கு விழுந்த பல் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் 'சாப்பிட்டாச்சா'வைத் தாண்டியதும் சண்டைக்குப் போய்விடுகிறோம். உன் மகள் ஐபேடைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு காதை நம் பக்கமே வைத்திருக்கிறாள். போன வாரம் போனை வைத்ததும், "ஆர் யூ கைஸ் ஃபைட்டிங் அகெய்ன்?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நிச்சயமான பிறகு உனக்கு இரண்டு கடிதம் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டிலும் எங்கள் வாடகைப் பாத்திரக் கடையில் எத்தனை அண்டா, எத்தனை நாற்காலி இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தேன். இதுவும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

நீ டிக்கெட் போட்டுக் கொடுத்த 'ஏழாம் வார்டு' படத்துக்கு நேற்று போய்வந்தேன். வெண்பாவைக் கீழ்வீட்டு மலையாளி ஷிஜு வீட்டில் விட்டிருந்தேன். நீ ஹூஸ்டனில், நான் இங்கே, ஒரே நாளில் ஒரே படம். கல்யாணமானதிலிருந்து தனித்தனியாகப் படம் பார்த்ததில்லை என்று நீ செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது மட்டும் பிடிக்கவில்லை.

மலையாளத்தில் சூப்பர் ஹீரோ என்றதும் யாராவது உடம்பை ஒட்டிய உடுப்புப் போட்டுக்கொண்டு பறப்பான் என்று நினைத்தேன். இவன் வேட்டியை மடித்துக் கட்டிய பஞ்சாயத்துப் பம்ப் ஆபரேட்டர். பேர் சுகுணன். அவனுடைய வார்டுக்குள் யார் கூப்பிட்டாலும் காதில் விழும். படகை ஒற்றைக்கையால் தூக்குவான். ஆனால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் சாதாரண ஆள். பிரேக் பிடிக்காத ஆட்டோவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான், பாலத்தின் நடுவில் கால் வைத்ததும் ஆட்டோவோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை மதி. தன் ஊருக்கு யானை, அயல் ஊருக்குப் பூனை என்பார்களே, என் கதையைத்தான் எடுத்து வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

பொள்ளாச்சியில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும், "சேனாபதியக் கூப்புடு" என்பார்கள். ஒரு போன் போட்டால் ஐநூறு நாற்காலி, பந்தல், பாத்திரம், சமையல்காரர் எல்லாம் போய் இறங்கும். இங்கே பார்க்கில் வெண்பாவின் சிநேகிதி தீக்ஷா பிறந்தநாளில் மழை வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு தார்ப்பாய் கட்ட வழியில்லை. எதற்கும் பெர்மிட் வேண்டும் என்றார்கள். நான் பேப்பர் தட்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். நீ H-1B வேலை விசாவில் வந்தாய், நான் உன் பின்னால் துணைக்கான H-4இல் வந்தேன். மூன்று வருஷமாகப் பிள்ளையை ஸ்கூலில் விடுவதும் கூட்டி வருவதும்தான் நான் செய்கிற காரியம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று விசா சொல்கிறது. சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை.

ஜனவரியில் உன்னை ஹூஸ்டன் ஆபீசுக்கு மாற்றியபோது, ஜூனில் பள்ளி முடிந்ததும் நானும் வெண்பாவும் அங்கே வருவதாகப் பேச்சு. அதை மாற்றிக்கொள்கிறேன். பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு அங்கிருந்தே பொள்ளாச்சிக்குப் போகிறேன். லீவுக்கு இல்லை. கடையைத் தனியாகப் பார்க்க முடியவில்லை, ஆவணி முகூர்த்தத்துக்குள் யாருக்காவது கைமாற்றிவிடட்டுமா என்று தம்பி கேட்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.

படமும் அதையேதான் சொல்கிறது. அவனவன் அவனவன் ஊரில் இருந்தால்தான் மரியாதை. ஆனால் பின்பாதியில் லாஜிக் இல்லை. வெள்ளம் வரும்போது அவன் பெண்டாட்டி பாமா, அவளுடைய பிறந்த ஊருக்குப் போய் மதகுப் பலகையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறாள். அவளுக்கு எங்கிருந்து பலம் வந்தது? நம்மாள் அவள் பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் மரம் மாதிரி நிற்கிறான். இதற்கு எல்லோரும் கை தட்டுகிறார்கள். டைரக்டருக்கே கதை மறந்துவிட்டது போலிருக்கிறது.

கோபப்படாதே. யோசித்து எழுது.

சேனாபதி


ஹூஸ்டன்
ஏப்ரல் 14, 2025

வெண்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

வெண்பாவுக்குப் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இந்த மாதம் இருபத்திரண்டு. இன்ஷூரன்ஸ் கார்டு கிச்சன் டிராயரில் இருக்கிறது. அவளுடைய இன்ஹேலரை ஸ்கூல் நர்ஸிடம் கொடுத்தீர்களா? இங்கே அவளுக்கு சம்மர் கேம்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குக் குறை வராது.

யோசித்து எழுதச் சொன்னீர்கள். நாலு நாள் யோசித்தேன்.

நீங்கள் போகவேண்டும் என்று சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த நினைப்பு உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டே பேசினாளே, அதைக் கேட்ட பிறகுமா 'அவனவன் அவனவன் ஊரில்' என்று எழுத உங்களுக்குக் கை வந்தது? 'அவளுக்கு எங்கிருந்து பலம் வந்தது' என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். கேலியா அது?

நான் அந்த இடத்தில் அழுதேன். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மலையாளி ஆன்ட்டி, முன்பின் தெரியாதவர், கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். இதே நேரம் நியூ ஜெர்சியில் நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், இன்றைக்குப் போன் செய்வீர்கள், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வெண்பாவின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று அனுப்பினீர்கள்.

போகிறதென்றால் போங்கள். தடுக்கமாட்டேன்.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
ஏப்ரல் 20, 2025

மதி,

ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு ஏதாவது படத்துக்குப் போய்விட்டாயோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்புறம் கீழே போய் ஷிஜுவிடம் கேட்டேன். "ஷிஜு, அந்தப் படத்துல ஆஸ்பத்திரி சீன் ஏதாச்சும் வருதுங்களா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணா, அதல்லே படம்! நீங்க எங்க போனீங்க?" என்றார்.

எங்கே போனேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சுகுணனைப் போட்டு அடிக்கிறார்களா? கீழே விழுகிறானா? திரையில் கொட்டை எழுத்தில் 'இடைவேளை' என்று போட்டான். நான் எழுந்தேன். அவ்வளவுதான். நம் ஊர்த் தியேட்டரில் எத்தனை வருஷப் பழக்கம்! இடைவேளை என்றால் சேனாபதி எழுந்து போய்க் கூட வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பப்ஸும் வாங்கி வருவான். கால் தானாக நடந்துவிட்டது. வெளியே வந்தால் டீ கிடையாது. பாப்கார்னுக்கு நீளமான வரிசை. கடைசியில் ஒரு காபி வாங்கிக்கொண்டு, பாத்ரூமுக்கும் போய்விட்டு, நிதானமாக உள்ளே வந்தால் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சுகுணன் தலையில் கட்டோடு அவன் வார்டில் பம்பைத் திருகிக்கொண்டிருக்கிறான். சரி, அடிபட்டான், கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தேன். நடுவில் ஒரு கதையே நடந்து முடிந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்த ஊரில் இடைவேளை விடமாட்டார்கள் என்பது எனக்கு ஏன் மூன்று வருஷமாகத் தெரியாமல் போயிற்று தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நான் எழுந்திருக்கும்போதே நீ சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவாய். "உக்காருங்க, இங்கெல்லாம் விடமாட்டாங்க" என்பாய். நான் உட்கார்ந்துவிடுவேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையையும் உன்னிடமே விட்டுவைத்திருக்கிறேன். நேற்றுதான் அது உறைத்தது.

ஷிஜுவிடம், அந்த சீனில் என்னதான் பேசினாள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அது ஞான் பறயில்ல. சேச்சிகிட்டயே கேளுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். கேலி இல்லை மதி, சத்தியமாக. அவள் என்ன சொன்னாள்?

இன்ஹேலரை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். பல் டாக்டரும் நினைவிருக்கிறது.

சேனாபதி


ஹூஸ்டன்
ஏப்ரல் 29, 2025

என்னங்க,

சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தேன். லஞ்ச் நேரத்தில் காரில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். பார்க்கிங்கில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

நீங்கள் காபி வாங்கப் போயிருந்தபோது நடந்தது இதுதான்.

சுகுணன் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். தலையில் கட்டு. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பாலத்தைத் தாண்டினால் நான் ஒன்றுமில்லாதவன், இனி தாண்டவே மாட்டேன் என்கிறான். பாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். அவனைப் பார்க்காமல், பழத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். எனக்கும் என் ஊரில் அந்தப் பலம் இருந்தது என்கிறாள். பதினாறு வயதில் ஒரு வெள்ளத்தில் மதகுப் பலகையைத் தனியாகத் தாங்கிப் பிடித்தேன், எங்கள் வார்டில் எது நடந்தாலும் பாமாவைக் கூப்பிடு என்பார்கள், கல்யாணத்தன்று உங்கள் கார் இந்தப் பாலத்தில் ஏறியபோது அது போய்விட்டது என்கிறாள். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ் சத்தம் நின்றுவிடுமே, அந்த மாதிரி. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே, நின்ற பிறகுதான் தெரிந்ததாம்.

அவன் திரும்பிப் பார்க்கிறான். "ஏன் சொல்லவில்லை?" என்கிறான். அவள், "நீங்கள் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு வருகிறவளிடம் எதை விட்டுவிட்டு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை" என்கிறாள். ஒரு சுளையை எடுத்து அவன் வாயில் வைக்கிறாள். அவ்வளவுதான் சீன். பின்னணி இசைகூட இல்லை.

அதனால்தான் அவளால் கடைசியில் மதகைத் தூக்க முடிந்தது. அது அவள் ஊர்.

இனி நான் சொல்லப்போவது படத்தில் இல்லாதது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தாமிரபரணி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் அதில் என்னவாக இருந்தேன் என்பது தெரியாது. வெள்ளம் வந்தாலும் அக்கரைக்குப் போய்த் திரும்புவேன். யாருடைய குடமாவது ஆற்றோடு போனால், "ஏட்டி, மதியக் கூப்பிடு" என்று படித்துறையிலிருந்து சத்தம் வரும். நான் சோற்றுக் கையோடு ஓடுவேன். உங்களைச் "சேனாபதியக் கூப்புடு" என்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

பொள்ளாச்சியில் உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் வாய்க்கால். கல்யாணமான முதல் கோடையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கரை முட்ட ஓடியது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கரைக்குப் போனேன். அத்தை, "மருமகப் புள்ள வாய்க்கால்ல குதிச்சா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க கண்ணு" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நீங்கள் மோட்டார் ரூம் வாசலில் நின்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆறு வருஷம் உங்கள் ஊரில் இருந்தேன். அந்த வாய்க்காலில் கால் நனைத்ததில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

அதற்குப் பழி வாங்க உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டி வரவில்லை. அந்தப் படம் பார்க்கும்வரை நான் எதையோ விட்டுவிட்டு வந்தவள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்கு இங்கே சத்தம் நின்றுபோனது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தீக்ஷா பிறந்தநாளில் பேப்பர் தட்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றீர்களே, நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஓடி ஒதுங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் பிள்ளைகள் சாப்பிடும் தட்டு நனையக் கூடாது என்று நின்றீர்கள். அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஐநூறு நாற்காலி இருந்ததற்காக இல்லை.

இந்த அபார்ட்மென்டில் நீச்சல் குளம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் காருக்குப் போகிறேன். இன்னும் இறங்கவில்லை. கரையில் துணியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது எங்கள் படித்துறைச் சட்டம். அம்மா சொல்லிச் சொல்லி ரத்தத்தில் ஊறிவிட்டது.

போன கடிதத்தில் தடுக்கமாட்டேன் என்று எழுதியது பொய். போகாதீர்கள்.

மதி


வெஸ்ட் வின்ட்சர்
மே 8, 2025

மதி,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஏம்மா, மதிக்கு நீச்சல் தெரியும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியுஞ் சாமி. பொண்ணு பாக்கப் போனப்பவே அவங்கம்மா பெருமையாச் சொன்னாங்களே. நீ கேசரி தின்னுட்டிருந்த" என்றாள். எனக்குக் கேசரி ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அம்மாவே, "அன்னிக்கு வாய்க்கால்கிட்ட நாஞ் சொன்னது அவ மனசுலயே இருக்குதா கண்ணு?" என்றாள். நான் வாய்க்காலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவள் மனதிலும் அது இருந்திருக்கிறது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் 'சரி விடுங்க' என்பாய். அதனால் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷமாக நான் இங்கே படும் பாட்டை நீ ஆறு வருஷம் அங்கே பட்டிருக்கிறாய். ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் எப்படி இருந்தாய்? எனக்கு அது வரவில்லையே. சொல்லிக்கொடு.

தம்பியிடம் பேசினேன். கடையைக் கைமாற்ற வேண்டாம், ஒரு ஆளைக் கூடச் சேர்த்துக்கொண்டு நடத்து என்றேன். ஆவணியில் முகூர்த்தம் நெருக்கியடிக்கும், ஒரு மாதம் வந்து கூட நின்றால் போதும் என்கிறான். எனக்கும் ஆசையாக இருக்கிறது, மறைக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று நீ சொல். நான் மட்டும் முடிவு செய்து உனக்குத் தகவல் அனுப்புகிற பழக்கத்தைப் முதல் கடிதத்தோடு விட்டுவிட்டேன்.

எதுவானாலும் அது ஆவணியில். அதற்கு முன்னால் ஜூனில் வெண்பாவோடு ஹூஸ்டனுக்கு வருகிறேன், விட்டுவிட்டுப் போக இல்லை, இருக்க. பாலத்தைத் தாண்டினால் நான் சாதாரண ஆள்தான். சரி, சாதாரண ஆளாகவே வந்து இருக்கிறேன்.

முதல் கடிதத்தில் சுகுணன் கரையில் மரம் மாதிரி நிற்கிறான் என்று கிண்டல் செய்திருந்தேன். அவன் சும்மா நிற்கவில்லை மதி. அவள் தண்ணீரில் இறங்குவதற்குக் கரையில் ஆளாக நிற்கிறான். இப்போதுதான் எனக்கு அந்தக் கைதட்டலுக்கு அர்த்தம் தெரிகிறது.

எனக்கு நீச்சல் தெரியாது. துண்டையும் செருப்பையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியும். வெண்பாவிடம், "அம்மா ஆத்துல நீந்துவா" என்று சொன்னேன். "நோ வே! மை அம்மா?" என்று கத்திவிட்டு, அவளுடைய நீச்சல் கண்ணாடியை இப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள்.

உன்
சேனாபதி


ஹூஸ்டன்
மே 16, 2025

என்னங்க,

பெரிய துண்டாக இரண்டு கொண்டு வாருங்கள். இங்கே நான் வாங்கியது கைக்குட்டை மாதிரி இருக்கிறது. ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் உங்களுக்குப் பிடித்த அரிசி கிடைக்கிறது, ஒரு மூட்டை வாங்கி வைத்துவிட்டேன். வெண்பாவுக்கும் எனக்கும் போதும் என்று சின்னப் பையாகத்தான் முதலில் எடுத்தேன். உங்கள் கடிதம் வந்தபின் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஆவணிக்குப் போங்கள். முகூர்த்தமெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங் அப்பாயின்ட்மென்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தையிடம் சொல்லுங்கள், அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் நான் இறங்குவேன் என்று. கோபமாக இல்லை, சும்மா தகவலுக்கு.

முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் எப்படி இருந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் யாருக்கோ பந்தல் போடப் போயிருந்தீர்கள்.

'ஏழாம் வார்டு' ஜூன் கடைசியில் ஓடிடியில் வருகிறதாம். வந்ததும் மூன்று பேரும் வீட்டில் பார்ப்போம். இடைவேளை என்று போட்டதும் நீங்கள் எழுந்து போகலாம், சட்டையைப் பிடிக்கமாட்டேன். போய் நிதானமாக டீ போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ரிமோட் என் கையில் இருக்கும். நீங்கள் வந்து உட்காரும்வரை படத்தை ஓட விடமாட்டேன்.

உங்கள்
மதி